சோப்பு நுரைக்கிற ஊர்

விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக வலி வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் என்ன வியாதி என்று குழம்புவதில்லை. பேரை நாங்களே வைத்துவிடுவோம்: கல்லு. அரியலூரைச் சுற்றி மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்தான். போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். அதே பொருக்கு வயிற்றுக்குள்ளும் படிகிறது என்பது எங்கள் தீர்மானம். வாழைத்தண்டுச் சாறு குடி, கரைந்துவிடும் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட வைத்தியம் சொல்வார்.

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பெரம்பலூரில் சின்னதாக ஒரு செராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வலது விலாவில் ஒரு பாரம் இருந்துகொண்டே இருந்தது. பேப்பர் பண்டல் தூக்குகிற வலி என்றும், பிறகு கல்லு என்றும் முடிவு கட்டினேன். வாழைத்தண்டைப் பிழிந்து குடித்தேன். தாங்க முடியாதபோது மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கூடவே உடம்பைத் தூக்கிப்போடும் குளிர் காய்ச்சல்.

என் கணவர் கருணாகரன் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுபவர். பாதிக் காயிலோடு கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

“கல்லுதாங்க. கரைஞ்சு வருது” என்றேன்.

“கல்லு கரைஞ்சா இந்தக் கலர்ல வருமா? வாய மூடிக்கிட்டு வண்டில ஏறு கலா.”

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே தண்ணீரைக் குடித்து, வயிறு முட்ட உட்கார்ந்திருந்தோம். எல்லோர் கையிலும் பாட்டில். எல்லோர் முகத்திலும் அவசரம். உள்ளே ஸ்கேன் எடுத்தவர் கலகலப்பான ஆள். வயிற்றில் ஜெல்லியைத் தடவும்போதே என்ன கடை, எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கருவி வலது பக்கம் போனதும் பேச்சு குறைந்தது. இடது பக்கம் போனதும் நின்றுவிட்டது.

“அப்பா அம்மா இருக்காங்களாம்மா?”

“அம்மா இருக்காங்க. அப்பா நான் ஸ்கூல் படிக்கிறப்பவே தவறிட்டாரு.”

“அவருக்கு என்ன?”

“கல்லு சார்.”

அவர் துடைத்துக்கொள்ளப் பேப்பரைக் கொடுத்தார். அதுவரை எனக்கு வலிதான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

காய்ச்சலுக்காகப் பெண்கள் வார்டில் படுக்கை கொடுத்தார்கள். கிட்னி டாக்டர் ஒரு பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிற டாக்டரை நான் முதல் தடவையாக அங்கேதான் பார்த்தேன். “ஜவ்வரிசி வேகும்போது பாத்திருக்கீங்களா? ஒவ்வொண்ணும் தண்ணியக் குடிச்சு ஊதும்ல. அது மாதிரி உங்க ரெண்டு கிட்னியிலயும் நீர்க்கட்டி நிறைய இருக்கு. அதுல ஒண்ணு உடைஞ்சு ரத்தம் வந்திருக்கு. கிருமியும் சேர்ந்திருக்கு. அதான் காய்ச்சல்.” கிரியாட்டினின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. உடம்பில் சேரும் ஒரு கழிவின் அளவு அது. கிட்னி ஒழுங்காக வடிகட்டினால் ரத்தத்தில் அது குறைவாக இருக்கும். எனக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. பிரஷர் நன்றாகவே கூடியிருந்தது.

பிறகு அவர் கேட்கக் கேட்க, நான் சொல்லச் சொல்ல, எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. தலைவலி உண்டா? உண்டு, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். ராத்திரியில் அடிக்கடி எழுந்து போவீர்களா? போவேன், டீ குடிப்பதால் என்று நினைத்தேன். சிறுநீரில் நுரை? உண்டு. பிரஷர் இருக்கிறது என்று யாராவது முன்பே சொன்னார்களா? பிரசவத்தின்போது நர்ஸ் சொன்னார், பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஒரே நோய்க்கு வேளைக்கொரு பெயர் வைத்து வளர்த்திருக்கிறேன்.

“இது பரம்பரையா வர்றதும்மா. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்க சொல்றதப் பாத்தா உங்க அப்பாவுக்கு இருந்தது இதுதான்.”

“தண்ணியால வந்தது இல்லையா டாக்டர்?”

“எந்தத் தண்ணி?”

“எங்க அம்மா வூட்டுத் தண்ணி.”

நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “கல்லுக்குத் தண்ணியக் குத்தம் சொல்றது வேற கதை. இந்தக் கட்டிக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க அம்மா வயித்துல உருவாகும்போதே முடிவான விஷயம் இது.”

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நோய்க்காக அழுகிறேன் என்று கருணாகரன் நினைத்துக் காலைப் பிடித்துவிட்டார். நான் அழுதது அந்தத் தண்ணீருக்காக.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். என் அம்மா வீடு கீழப்பழுவூருக்குப் பக்கத்தில். அப்பா அங்கே விவசாயம் பார்த்தார். தலையில் எப்போதும் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பார், தலைவலிக்காக. பிறகு விலா வலி, பிறகு முக வீக்கம், பிறகு திருச்சி ஆஸ்பத்திரி. நாற்பதைத் தாண்டிச் சில வருடங்களிலேயே போய்விட்டார். அவருக்கு முன்னால் பெரியப்பாவும் அப்படித்தான் போயிருந்தார். இருவரும் குடித்தது ஒரே போர்த் தண்ணீர். அம்மா பழியை அதன் மேல் போட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைப் பொருக்கு கண்ணெதிரே இருக்கிறது, ரத்தத்துக்குள் இருப்பதை யார் பார்த்தது?

எனக்கு வரன் பார்த்தபோது பெரம்பலூர் மாப்பிள்ளை வீட்டுக்கு எங்கள் ஆட்கள் போனார்கள். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சம்பாத்தியம், நகை என்று பேசிக்கொண்டிருக்க, அம்மா கொல்லைப்பக்கம் போய்விட்டாளாம். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த சோப்புத் துண்டை அவிழ்த்துக் குழாயடியில் கை கழுவினாளாம். நுரை பொங்கியதாம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பும் லேசில் வேகாது. “இங்க பருப்பு எத்தனை விசில்ல வேவும்?” என்று என் மாமியாரிடம் கேட்டுவிட்டு, பதில் வந்ததும், “தாம்பூலத்த மாத்திக்கலாம்” என்றாளாம். என் மாமியார் இதை இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மாப்பிள்ளையை அம்மா பார்த்தது அதற்கப்புறம்தான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பார்கள். என்னை அழைக்கவில்லை; அம்மா சீரைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் வந்தாள். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போவது உலக வழக்கம். அம்மா துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். “பொண்ணக் கூட்டிட்டுப் போவீங்கன்னு பாத்தா, நீங்க வந்துட்டீங்களே சம்மந்தி” என்று மாமியார் முகத்துக்கு நேராகவே கேட்டார். வயிற்றில் பிள்ளையோடு நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லது கெட்டதுக்குப் போனால் அம்மா எனக்கும் என் மகள் நிலாவுக்கும் கடையில் கேன் தண்ணீர் வாங்கித் தனியாக வைத்திருப்பாள். பொழுது சாய்வதற்குள் பஸ் ஏற்றிவிடுவாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவருக்குக்கூட அம்மா கொடுப்பாள். எனக்கு மட்டும் கொடுத்ததில்லை. அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்த பிறகு எனக்கு அங்கே இடமில்லை, தண்ணீர் என்பது வெறும் சாக்கு என்றுதான் நான் நினைத்தேன். அந்த வீட்டில் ஒரு நாலு நாள் கிடக்க வேண்டும், அம்மாவின் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்க வேண்டும், விடிந்தும் எழுப்பாமல் விட்டால் போதும். கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கியது இதற்குத்தான். பெரிய ஆசையா இது?

இப்போது வார்டில் படுத்துக்கொண்டு யோசித்தேன். இத்தனை வருஷம் அம்மா என்னைத் தள்ளி வைத்தது ஒன்றுமில்லாததற்கு. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

“அத்தைகிட்ட கல்லுன்னே சொல்லிடலாம்” என்றார் கருணாகரன். உப்பில்லாத கஞ்சியை எனக்கு ஊட்டிவிட்டு, அதே கஞ்சியை அவரும் குடித்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டால் நல்லாத்தானே இருக்கு என்பார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. வெளியே லேபில் கொடுத்த பில்களை என் கண்ணில் படாமல் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்வார். அவர் சொன்னதும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் டாக்டர் வந்து, கூடப்பிறந்தவர்கள் யார் என்று கேட்டார். அண்ணன் செந்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான் என்றேன். “வரச் சொல்லுங்க. வலி வந்த பிறகு வந்தா பாதிதான் செய்ய முடியும். ஒண்ணும் இல்லாதப்பவே பிரஷர், யூரின், ஒரு ஸ்கேன் பாத்துரணும். இடுப்பு வலின்னு மாத்திரை போடுறவரா இருந்தா முதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க.” செந்தில் லாரி ஓட்டுகிற இடுப்பு வலிக்கு மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்கிறவன். இனி மறைக்க வழியில்லை.

அம்மா வந்தாள். ஒரு கையில் வாழைத்தண்டுச் சாறு, இன்னொரு கையில் கடைத் தண்ணீர். கட்டில் பக்கத்தில் நின்று என் நெற்றியில் கையை வைத்தாள். அடுத்த நொடியே விசாரணை ஆரம்பித்துவிட்டது.

“எங்கடி தண்ணி குடிச்ச?”

“எங்கயும் குடிக்கலம்மா.”

“நம்ம ஊர்க் காதுகுத்து வூட்டுல மோர் குடிச்ச. நான் பாத்தேன். வேணாம்னு கண்ணக் காட்டுனேன், நீ திரும்பவே இல்ல. மோரு என்ன வானத்துலேர்ந்தா வருது? அந்தத் தண்ணிலதானே கலக்குறான்?”

வார்டே எங்களைப் பார்த்தது. எனக்கு வந்த கோபத்தில் கையில் குத்தியிருந்த ஊசி நகர்ந்து வலித்தது. “ஒரு டம்ளர் மோருக்கா ரெண்டு கிட்னியும் வீங்கும்? சும்மா இரும்மா!” என்று கத்திவிட்டேன். அம்மா கட்டிலில் என் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சிக்குப் பிடித்துக் கிடந்த என் தலையை மடியில் எடுத்து வைத்து வார ஆரம்பித்தாள். அவள் என் தலையை வாரி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தக் கை பட்டதும் எனக்குத் தாங்கவில்லை. முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன்.

“இது கல்லு இல்லம்மா. தண்ணியாலயும் வரல. அப்பாவுக்கு இருந்துச்சு. அவர்கிட்டேர்ந்து எனக்கு வந்திருக்கு.”

சீப்பு நின்றது.

“உங்கப்பா கொடுத்ததா?”

“அவரு வேணும்னா கொடுத்தாரு? ரத்தத்துல வர்றது.”

“அப்ப அந்தத் தண்ணி?”

“அது ஒண்ணும் செய்யல.”

“நீ அங்கயே இருந்திருந்தாலும்?”

“இதேதாம்மா.”

“ஆடி, தீவாளின்னு வந்து போயி இருந்திருந்தாலும்?”

 ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அம்மா சீப்பில் சிக்கிய முடியை உருவி எடுத்தாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“ஆடி மாசம் தெருவுல எல்லாப் பொண்ணும் வரும். அது பாட்டுக்குச் சிரிப்பும் பேச்சுமா இருக்கும். நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடப்பேன்டி.”

வாழைத்தண்டுச் சாற்றைக் கொட்டிவிட்டு, அந்தச் சின்னப் பாத்திரத்தைக் கழுவப் போனாள். குழாயடியில் அவள் அதைத் தேய்த்துக்கொண்டே நிற்பது கட்டிலிலிருந்து தெரிந்தது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை.

செந்திலைப் பிடித்து இழுத்து வருவதற்குள் கருணாகரனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “பொறந்ததுலேர்ந்து அந்தத் தண்ணியக் குடிச்சு எனக்குப் பழகிருச்சு மாப்ள, எனக்கெல்லாம் ஒண்ணும் வராது” என்று கடைசிவரை பேசியிருக்கிறான். அவனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு கிட்னியும் சுத்தம். ஒரு கட்டி இல்லை. பிரஷரும் சரி. அந்த வயதில் இவ்வளவு சுத்தமாக இருந்தால் இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னார்.

இன்றுவரை அந்தத் தண்ணீரையே குடிக்கிறவனுக்கு ஒன்றுமில்லை. கல்யாணமானதிலிருந்து அம்மா குடிக்கவிடாமல் காத்த எனக்கு வந்திருக்கிறது. சந்தோஷம்தான் பட்டேன். அதற்குள் ஒரு பொறாமையும் கிடந்தது, பொய் சொல்வானேன். செந்தில் ஏதோ திருடியவன் மாதிரி என் கட்டில் ஓரத்தில் வந்து நின்றான்.

“என்னோடதுல ஒண்ண எடுத்துக்க பாப்பா.”

“இப்ப வேணாம்ணே, நீயே வச்சிரு. லாரி ஓட்ட வேணும்ல” என்றேன். அவன் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டான்.

காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிகளைக் கரைக்க வழியில்லை. ஆனால் பிரஷர் மாத்திரையை விடாமல் போட்டு, உப்பைக் குறைத்து, வலி மாத்திரைப் பக்கமே போகாமல், குறித்த நாளில் ரத்தம் பார்த்துக்கொண்டு வந்தால் கிட்னி கெட்டுப்போவதை நிறைய வருஷம் தள்ளிப்போடலாம். “தண்ணி நல்லா குடிங்க” என்றார் டாக்டர். “உங்க நிலைமைக்கு இப்ப அதுதான் நல்லது.” நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அம்மா வூட்டுத் தண்ணியும் குடிக்கலாமா?” இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. “தாராளமா” என்றார்.

நிலாவுக்கு இப்போது ஸ்கேன் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் மட்டும் பார்த்தால் போதும், வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்றார்கள். பாதிக்குப் பாதி. அவள் தூங்கும்போது பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் தட்டிலிருந்து ஊறுகாயை எடுத்தேன், அப்பளத்தை எடுத்தேன், பொட்டலத் தின்பண்டங்களை அலமாரி உச்சியில் ஒளித்துவைத்தேன்.

“அத்தைக்குத் தண்ணி, ஒனக்கு ஊறுகாயா?” என்றார் கருணாகரன்.

சுருக்கென்று இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் அம்மாவை முழுதாகப் புரிந்துகொண்டேன். பயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எதன் மேலாவது இறக்கிவைக்க வேண்டும். அவளுக்குப் பழிபோட ஒரு போர்க் குழாய் கிடைத்தது. எனக்கு அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் காத்திருந்தது ஒரே ஒரு போனுக்காக. அம்மா தினமும் பேசினாள். மாத்திரை போட்டாயா, சோற்றில் உப்புப் போட்டாயா, நிலா சாப்பிட்டாளா என்று எல்லாம் கேட்டாள். வா என்று மட்டும் சொல்லவில்லை. நானாகப் போயிருக்கலாம். ஆனால் அழைக்காமல் போக மனம் வரவில்லை. இத்தனை வருஷ ஏக்கத்துக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. வெட்கப்படுகிறாளா, நம்பவில்லையா, பழகிய பயம் விடவில்லையா என்று ஒவ்வொரு நாளும் ஒன்றை நினைத்துக்கொள்வேன்.

ஆடி பிறந்து ஒரு நாள் மத்தியானம், கடையில் ஆள் நிற்கும்போது போன் வந்தது.

“கலா... தங்குற மாதிரி வா.”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். செராக்ஸுக்குக் கொடுத்த ஆதார் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுவதைப் பார்த்து, வந்தவர் தன் கார்டில் ஏதோ தப்பு என்று பயந்துபோனார்.

அரியலூரில் பஸ் மாறி, வெள்ளைப் புழுதி பூசிய லாரிகளுக்கு நடுவே போய் இறங்கினோம். பழக்கதோஷத்தில் நிலா தோளில் தண்ணீர் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றாள். கையில் சொம்பு. உள்ளே கேன் எதுவும் இருக்கிறதா என்று என் கண் தேடியது. இல்லை.

“இந்தா” என்று நீட்டினாள். சொம்பு விளிம்பு தளும்பி அவள் விரலை நனைத்தது. சொம்பை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். “உப்பாத்தான் இருக்கும்” என்றாள்.

உப்பாகத்தான் இருந்தது. வாயில் மாவு மாதிரி ஒட்டியது. அண்ணாந்து மடக்கு மடக்காகக் குடித்தேன். சொம்பு காலியாகும் வரை அம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினேன்.

“இன்னும் கொஞ்சம் கொடும்மா.”

“போதும்டி. புதுத் தண்ணி, சளி புடிச்சிக்கும்.”

எல்லா அம்மாக்களும் சொல்வதை என் அம்மா முதல் தடவையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் இன்னொரு சொம்பு மொண்டு வந்தாள்.